எதிரணிப் பெட்டியின் கதவு

பருவம் 24 – கடிதம் 1
ஹாரோ பே, நியூ பிரன்ஸ்விக்
15 அக்டோபர் 2018, திங்கட்கிழமை, காலை 8.40

அன்புள்ள வெர்னா,

பல்கலைக்கழகப் பனி ஹாக்கிப் பருவம் கடந்த வெள்ளிக்கிழமை, 12ஆம் தேதி, தொடங்கியது. எங்கள் செயின்ட் கத்பர்ட் அணி முதல் ஆட்டத்தை 3–2 என வென்றது. நமது உடன்பாட்டின்படி இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் தெரிவிக்கிறேன். 2016 மார்ச் 5ஆம் தேதி இரவு உங்கள் கில்டேர் அணி எங்களைப் போட்டியிலிருந்து வெளியேற்றியபின் நீ தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் பேச்சின் நடுவே இணைப்பைத் துண்டித்தது முறையல்ல என்பதும் நினைவிருக்கிறது. ஆகவே கடிதமே நமக்கு ஏற்றது.

தொடர்ந்து இருபத்துநான்காம் ஆண்டாக எதிரணியின் தண்டனைப் பெட்டிக்கு நான்தான் கதவு திறக்கிறேன். முறைதவறி ஆடி இரண்டு நிமிடம் வெளியே அனுப்பப்படும் எதிரணிப் பையன் என் அருகில் வந்து அமர்வான்; நேரம் முடிந்ததும் தாழ்ப்பாளை நீக்கி அவனைப் பனித்தளத்துக்கு விடுவேன். சம்பளமில்லாத வேலை. பெட்டிக்குள் இருக்கும்வரை நான் எவருக்கும் ரசிகன் அல்லன். கைதட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஆட்டக்காரனுக்கு அறிவுரை கூறக் கூடாது என்பது விதி. பெட்டிக்கு வெளியே நான் யார் என்பது உனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 28ஆம் தேதியிட்ட உன் அஞ்சலட்டையில், மாடி அறைகளை "ரெண்டு மாணவப் பசங்களுக்கு" வாடகைக்கு விட்டதாக எழுதியிருந்தாய். அவர்கள் எப்படிப்பட்ட மாணவர்கள் என்பதை ஏன் எழுதவில்லை? எங்கள் அணிப் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொள்ளும் ஹோலிஸ் ஸ்டீவ்ஸ் வெள்ளியன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

"என்ன யூவர்ட், உன் தங்கச்சி வீட்டு மாடியில எதிரிப் படையே கூடாரம் அடிச்சிருக்காமே? சோறு பொங்கிப் போடுறதும் தங்கச்சிதானாமே?"

கில்டேர் அணியின் ஆட்டக்காரர்கள் இருவர் என் சொந்தத் தங்கையின் வீட்டில் குடியிருப்பதை ஹோலிஸ் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது. மறைக்க எதுவும் இல்லையென்றால் ஏன் மறைத்தாய்?

எங்கள் புதிய கோல் காவலன் கெட்டிக்காரன். சற்று முன்னதாகவே முழங்காலில் விழுந்துவிடுகிறான் என்பதைத் தவிர அவனிடம் குறை இல்லை. (இந்த வாக்கியத்தைப் படித்தவுடன் மறந்துவிடவும்.)

அன்புடன்,
யூவர்ட் கோல்பிட்ஸ்


கில்டேர், நோவா ஸ்கோஷியா
அக்டோபர் கடைசி. செவ்வாய்னு நினைக்கிறேன்

அண்ணா,

மணி எத்தனைன்னு கேப்பே. ஓட்ஸ் பிஸ்கட் அடுப்புல வேகுது, பாதி வெந்திருக்கு. நீயே கணக்குப் போட்டுக்கோ.

மறைச்சேனாம்! எழுதினா நீ இப்படித்தான் குதிப்பேன்னு தெரியும், அதான் எழுதல. அவர் போனப்புறம் மாடி காலியாக் கிடந்தது. ராத்திரி அந்தக் காலி ரூம்களோட சத்தம் எனக்குப் பிடிக்கல. இப்போ மேல ரெண்டு எருமை நடக்குற சத்தம் கேக்குது, நிம்மதியாத் தூங்குறேன்.

ஒருத்தன் லாண்ட்ரி. சாப்பாட்டு நேரத்துல மட்டும் படியில ஓடி வருவான். இன்னொருத்தன் டேன் ஹலுஷ்கா, சாஸ்காச்சுவான்ல யார்க்டன் பக்கம். அணியோட சென்டர், நடுவுல ஆடுறவன், இவன்தான். இருபத்திமூணு வயசு, முன்பல் ஒண்ணு இல்ல. புத்திசாலிப் பய. அவங்க அம்மா மாதிரியே உருளைக்கிழங்கு வச்ச கொழுக்கட்டை பண்ணிக் குடுத்தான், நான் ஒன்பது தின்னேன். "மிஸஸ் மேக், உங்க அண்ணன் நெசமாவே மணி பார்த்துத்தான் தும்முவாரா?"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

உன் கோல் காவலன் பத்தின வரியை மறந்துட்டேன். எந்த வரி?

வெர்னா


பருவம் 24 – கடிதம் 2
12 நவம்பர் 2018, திங்கட்கிழமை, காலை 9.05

அன்புள்ள வெர்னா,

9ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே நடந்த ஆட்டத்தில் கில்டேர் 4–1 என வென்றதை நீ அறிவாய். நீ அறியாததுபோல் நடிக்கக்கூடியது ஒன்றைக் குறிப்பிடுகிறேன்: நான்கு கோல்களும் வலையின் மேல் மூலையில் விழுந்தன. முழங்காலில் முன்னதாகவே விழும் கோல் காவலனை வெல்ல அது ஒன்றே வழி. என் அக்டோபர் 15ஆம் தேதிக் கடிதத்தை உன் வீட்டில் யார் யார் படித்தார்கள்?

அன்றைய இரண்டாம் பகுதியில் உன் ஹலுஷ்கா என் பெட்டிக்கு வந்தான். அமர்வதற்கு முன்பே பேச்சைத் தொடங்கினான்.

"சார், நீங்கதானே மிஸஸ் மேக்கோட அண்ணன்? பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பெட்டிக்குள்ள ஒருத்தர் கடியாரத்தை விடக் கறாரா உக்காந்திருப்பார்னு சொன்னாங்க."

"ஆட்டத்தைப் பாருங்க தம்பி."

"ஒரே ஒரு செகண்டு முன்னாடி கதவைத் திறந்துவிடுங்க சார், மிஸஸ் மேக் சுட்ட பிஸ்கட்ல ஒரு டின் உங்களுக்கு."

குறித்த நொடியில்தான் திறந்தேன். அவன் பாய்ந்து சென்று கோலும் அடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தான். மறுக்க முடியாத ஆட்டக்காரன்தான். ஆனால் பெட்டியில் யார் இருப்பார் என்பதுவரை நீ அவனுக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருக்கும்போது, வேறு என்னென்ன சொல்லியிருப்பாய் என்று நான் ஐயுறுவது இயல்பே.

அன்புடன்,
யூவர்ட்


கில்டேர்
நவம்பர் 27. பார்த்தியா, தேதி போட்டுட்டேன்

அண்ணா,

உன் பையன் சீக்கிரம் விழுறது டிக்கெட் கிழிக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். அதுக்கு என் வீட்டுத் தபால் பெட்டி வேணுமா?

இன்னிக்குச் சண்டை போட நேரமில்ல. சனிக்கிழமை இங்க பொம்மை வீசுற ஆட்டம், முதல் கோல் விழுந்ததும் ஏழைக் குழந்தைங்களுக்காக எல்லாரும் பொம்மை வீசுவோம். முதல் கோலை டேன்தான் போட்டான். மேலேர்ந்து கரடி, முயல், யானைன்னு மழை மாதிரி விழுந்துச்சு. நானும் ஒரு துணி வாத்து வீசினேன், நடுவர் தலையில விழுந்துச்சு. அப்புறம் மூணாவது பகுதியில ஒருத்தன் டேனைப் பின்னாலேர்ந்து ஓரத் தடுப்புப் பலகையில மோதிட்டான். தலை திரும்பி அடிச்சுது. எழுந்தான், கையை ஆட்டினான், ஆடி முடிச்சான். எல்லாரும் கைதட்டினாங்க.

உன்கிட்ட சும்மா ஒண்ணு கேக்கணும். நீ அங்க எத்தனையோ வருஷமா உள்ளயே இருக்கே. உங்க பசங்களுக்குத் தலையில அடிபட்டா என்ன பண்ணுவாங்க? செப்டம்பர்ல கம்ப்யூட்டர்ல ஒரு சோதனை வைப்பாங்கள்ல, வார்த்தை, படம் எல்லாம் ஞாபகம் வச்சுச் சொல்றது? அடிபட்டப்புறம் அதையே திரும்ப வச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்களாமே. ஒரு பையன் செப்டம்பர்லயே வேணும்னு மட்டமாப் பண்ணியிருந்தா? யாருக்காவது தெரிய வருமா? எத்தனை நாள் உக்கார வைப்பாங்க?

சும்மாதான். பதில் போடு.

வெர்னா


பருவம் 24 – கடிதம் 3
3 டிசம்பர் 2018, திங்கட்கிழமை, காலை 8.50

அன்புள்ள வெர்னா,

உன் 27ஆம் தேதிக் கடிதம் 30ஆம் தேதி கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

எங்கள் அணித் தலைவன் பர்டி நவம்பர் 17ஆம் தேதி முதல் ஆடவில்லை. "உடல்நலக் குறைவு" என்பதற்கு மேல் அணி எதையும் அறிவிக்கவில்லை. அவனுக்குத் தலையில்தான் அடி என்பது அணியின் உடைமாற்று அறைக்கு உள்ளே போய்வரும் சிலருக்கு மட்டுமே தெரியும். இந்த நேரத்தில், ஐம்பது ஆண்டுகளாக ஹாக்கியைக் கூச்சலுக்காக மட்டும் பார்த்துவந்த என் தங்கை, தலையில் அடிபட்டவனை எங்கள் அணி எத்தனை நாள் அமரவைக்கும் என்று "சும்மா" கேட்கிறாள். கேள்வி உன் கையெழுத்தில் இருக்கிறது. கேட்டது உன் மாடியோ என்று ஐயுறுகிறேன்.

கேட்டதற்குப் பதில் தராமல் இருப்பது மரியாதையன்று. எனவே கூறுகிறேன். இரண்டு வாரம் ஓய்வு. அதன்பின் தலைவலி இல்லை என்று பையன் சொன்னால் போதும். எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. செப்டம்பர் சோதனை ஒரு சடங்கு. அதை நல்லபடி எழுதினாலும் மட்டமாக எழுதினாலும் கெடுதல் ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் எல்லாம் சரியாகிவிடும்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் நீ தெரிவிக்கலாம்.

யூவர்ட்


கில்டேர்
ஜனவரி 15, செவ்வாய், பனிப்புயல்

அண்ணா,

புது வருஷ வாழ்த்து. நீ அனுப்பின காலண்டரைச் சமையலறையில மாட்டியிருக்கேன்.

நீ எழுதினது ரொம்ப உதவியா இருந்துச்சு. டேன் கில்டேர் டாக்டர்கிட்டச் சோதனை எழுதித் தேறிட்டான். லீவுக்கு ஊருக்குப் போயிட்டும் வந்துட்டான். ரெண்டு வாரம் ஆனாச் சரியாயிடும்னு நீ சொன்னதை நெனச்சு நெனச்சு நானும் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

ஆனா அண்ணா, அவன் ஜன்னலுக்குக் கம்பளியை ஆணி அடிச்சு மாட்டியிருக்கான். பகல்லயும் எடுக்க மாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழமை குளிக்கத் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு வந்து என்கூட உக்காந்து டீ குடிச்சான். கூரையிலேர்ந்து சொட்டினப்புறம்தான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது. "நானா திறந்தேன்?"னு கேக்குறான். கொழுக்கட்டை பண்ணலாம் வாடான்னா, மாவு பிசைஞ்சு வச்சுட்டு அடுத்து என்னன்னு நிக்கிறான். ஆனா வெள்ளி, சனி ஆனா ஆடுறான். கோலும் போடுறான்.

உங்க பர்டி திரும்பி வந்துட்டானா? மொத்தம் எத்தனை நாள் ஆச்சு? நிஜமாச் சொல்லு.

வெர்னா


பருவம் 24 – கடிதம் 4
4 பிப்ரவரி 2019, திங்கட்கிழமை, காலை 8.30

அன்புள்ள வெர்னா,

நீ கேட்ட கேள்விக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், பர்டியைப் பற்றி நீ மீண்டும் கேட்டதே. கடந்த சனிக்கிழமை, 2ஆம் தேதி, கில்டேர் மறுபடியும் இங்கே வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்றாம் பகுதி, 11 நிமிடம் 14 நொடி மீதம். ஹலுஷ்கா எதிராளியை மட்டையால் தடுக்கிவிட்டு இரண்டு நிமிடம் பெற்று உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான், முகத்தில் அடையாளம் தெரிந்த குறி எதுவும் இல்லை. கையுறையை நெற்றியில் வைத்து விளக்கொளியை மறைத்துக்கொண்டான்.

"சார், இது எத்தனாவது பகுதி?"

"மூணாவது."

"சரி."

கடிகாரத்தில் இருபது நொடி ஓடியது.

"சார், ரெண்டாவதா?"

"மூணாவதுன்னு இப்பத்தானே சொன்னேன் தம்பி."

"ஆமால்ல. யார் ஜெயிக்கிறா?"

எதிரே புள்ளிப் பலகையில் 2–2 என்று ஆளுயர எண்ணில் எரிந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, ரகசியம் சொல்வதுபோல் என் பக்கம் சாய்ந்தான்.

"எங்க வீட்டுக்கார அம்மாவோட அண்ணன் இந்த ஊர்தான். இங்கதான் எங்கயோ ஒரு பெட்டியில உக்காந்திருப்பாராம். நீங்க பார்த்திருக்கீங்களா?"

நேரம் முடிந்ததும் கதவைத் திறந்தேன். அவன் நேராக எங்கள் அணியின் இருக்கைக்குப் போய், உள்ளே விடச் சொல்லி நின்றான். எங்கள் பையன்கள் மட்டையால் பலகையைத் தட்டிச் சிரித்தார்கள். "வாடா மாப்பிள்ளை, இங்கயே இருந்துடு!" என்று ஒருவன் கத்தினான். ஹோலிஸும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வெர்னா, நான் ஏமாறவில்லை. நவம்பரில் என்னைப் பெயர் சொல்லாத குறையாக அடையாளம் கண்டவன் பிப்ரவரியில் மறந்துவிடுவானா? பருவ இறுதித் தொடர் சுற்றில் நம் இரு அணியும் மோதக்கூடும் என்ற நிலையில், தங்கள் சென்டர் கலங்கிப்போயிருக்கிறான் என்று எங்களை நம்பவைத்து அசட்டையாக்குவதே நோக்கம். கம்பளி, குளியல் தண்ணீர், கொழுக்கட்டை என்று உன் ஜனவரிக் கடிதத்தில் நீ முன்கூட்டியே மேடை அமைத்துவிட்டாய். அவன் பெட்டிக்குள் வந்து நாடகத்தை நடத்தினான். நன்றாகவே நடத்தினான்.

நானும் சும்மா இருக்கவில்லை என்பதை இப்போது தெரிவிப்பதில் தடையில்லை. டிசம்பர் 3ஆம் தேதிக் கடிதத்தில் நான் எழுதிய பதில் வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்டது. உளவுக்கு வந்த கேள்விக்கு உண்மையைத் தருவது என் கடமையன்று. பர்டி இன்னும் ஆடவில்லை. இந்தப் பருவம் முழுவதும் ஆடமாட்டான். எங்கள் மருத்துவர் அவனை வகுப்புக்குப் போகக்கூட ஜனவரி நடுவில்தான் அனுமதித்தார். இரண்டு வாரம் என்ற கணக்கே கிடையாது.

யூவர்ட்


கில்டேர்
6 பிப்ரவரி 2019, புதன், காலை ஏழு மணி

அண்ணா,

மணி போட்டிருக்கேன். ராத்திரி பூரா முழிச்சிருந்தேன், அதனால தெரியும்.

நாடகமா? நீ பெட்டிக்குள்ள உக்காந்து பார்த்தே. உன் கண்ணால பார்த்தே. அவன் உன்கிட்டயே உன்னைப் பத்திக் கேட்டிருக்கான். அதை நொடி பிசகாம எழுதி அனுப்பியிருக்கே, அதுல ஒரு பையன் இருக்கான்னு மட்டும் உனக்குத் தெரியல.

எல்லாத்தையும் சொல்லிடுறேன். செப்டம்பர்ல ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல லாண்ட்ரி சிரிச்சான். "மிஸஸ் மேக், இவன் சோதனையில 'ஆப்பிள்'ங்கிற வார்த்தைகூட ஞாபகம் இல்லன்னு எழுதிட்டு வந்திருக்கான்!" டேன் சொன்னான், "போடா, அங்கதான் சூட்சுமம். இப்போ முட்டாளா இருந்தாத்தான் அடிபட்டப்புறம் அதே முட்டாளாத் தேறலாம். பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க." நானும் சிரிச்சேன். பீன்ஸ் பரிமாறிக்கிட்டே சிரிச்சேன்.

அடிபட்டப்புறம் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். இது அவனுக்குக் கடைசிப் பருவம், வசந்தத்துல ஸ்வீடன்லேர்ந்து அணிக்கு ஆள் எடுக்க வந்து பார்க்குறாங்களாம். "தலை சரியில்லன்னு கில்டேர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸஸ் மேக்." சத்தியம் பண்ணிட்டேன். பண்ணியிருக்கக் கூடாது. பண்ணிட்டேன். அதனாலதான் கில்டேர்ல இல்லாத உன்கிட்டக் கேட்டேன். நீ சொன்னியே ரெண்டு வாரம்னு, அதைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் அவனை ஆட விட்டேன்.

ஏன் நேராக் கேக்கலன்னு நீ கேப்பே. உன்மேல சந்தேகம், அதான். நீ மட்டும்தான் சந்தேகப்படணுமா? டேனுக்குத் தலை சரியில்லன்னு உனக்குத் தெரிஞ்சா நீ நேரா உங்க கோச்கிட்டப் போவே, அவங்க அவன் தலையையே குறி வச்சு மோதுவாங்கன்னு பயந்தேன். இப்பவும் பயமா இருக்கு. இதைத் தபால்ல போட்டதும் பெட்டிக்குள்ள கைய விட்டு எடுத்துடலாமான்னு நிப்பேன்.

ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுடும் யார் யாரோட மோதுறாங்கன்னு. உங்களோட தான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சொன்னா என் வாக்கு போச்சு, இந்த ஊர்ல யாரும் என் முகத்துல முழிக்க மாட்டாங்க. சொல்லலேன்னா அவன் தலையில இன்னொரு தடவை அடிபடும். என்ன பண்ணட்டும்? இந்த ஒரு தடவை கத்பர்ட் ரசிகனா இல்லாம பதில் சொல்லு.

வெர்னா


பருவம் 24 – கடிதம் 5
ஹாரோ பே
11 பிப்ரவரி 2019, திங்கட்கிழமை, பிற்பகல் 2.15

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது. முதன்முறை படித்தபோது இதுவும் திட்டத்தின் ஒரு பகுதியோ என்று எண்ணினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்வது நல்லது. அதன்பின் பர்டியின் அறைக்குச் சென்றேன். முன்பின் பழக்கமில்லாத கிழவன் கதவைத் தட்டியதில் அவன் திகைத்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அடிபட்ட நாட்களில் பெட்டியில் உன் பக்கத்தில் இருப்பவரை உனக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்குமா?

"சார், எங்கம்மா போன் பண்ணினப்போ அது எந்த அம்மான்னு நெனச்சிருக்கேன்" என்றான். பிறகு, "யாருக்கு சார்?" என்று கேட்டான். நான் சொல்லவில்லை.

நேற்று மாலை ஆட்ட வரிசை வெளியாயிற்று. வரும் வெள்ளிக்கிழமை, 15ஆம் தேதி, முதல் ஆட்டம் இங்கே, எங்களுக்கும் உங்களுக்கும்.

டிசம்பர் 3ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்துகிறேன். நாள் கணக்கு எதுவும் இல்லை. வெளிச்சம் கண்ணை உறுத்தும்வரை, மறதி இருக்கும்வரை, ஒருவன் ஆடக்கூடாது. தேறாத தலையில் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. இதை நான் அன்றே அறிவேன். அறிந்துதான் வேறொன்றை எழுதினேன். நீ அவனை ஆடவிட்ட இரண்டு மாதத்தில் என் பங்கு எவ்வளவு என்று நீ கணக்கிட வேண்டாம், நான் கணக்கிட்டுவிட்டேன்.

என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நீ எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு நாள் யோசித்தபின் எனக்குத் தெளிவான விஷயம் இது: அவன் தடுமாறியதைப் பார்த்தவள் நீ மட்டும் அல்ல. பிப்ரவரி 2ஆம் தேதி, மூன்றாம் பகுதியில், நானும் பார்த்தேன். அதை அறிய எனக்கு உன் கடிதம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆகவே என் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும், என் பெயரில், என் கையொப்பத்துடன், கில்டேர் அணியின் மருத்துவருக்கும் போட்டி அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். செப்டம்பர் சோதனையோடு ஒப்பிடாமல், வெளி மருத்துவர் ஒருவரைக் கொண்டு புதிதாகப் பரிசோதிக்கும்படி கேட்டிருக்கிறேன். அந்தச் சோதனையைப் பையன்கள் வேண்டுமென்றே பாழாக்குவது இந்தக் கூட்டமைப்பில் பலரும் அறிந்த பழக்கம் என்பதே நான் காட்டிய காரணம். உன் பெயர் அதில் இல்லை. உன் வீடு இல்லை. கம்பளியோ குளியல் தண்ணீரோ இல்லை. நீ கொடுத்த வாக்கு கொடுத்தபடியே இருக்கிறது.

கடிதப் பொதி இன்று நண்பகல் பேருந்தில் ஏறிற்று. மாலை ஆறு மணிக்குள் மருத்துவரின் மேசையில் இருக்கும். எங்கள் பயிற்சியாளரிடம் நான் எதுவும் கூறவில்லை. பேருந்து புறப்பட்ட பிறகே ஹோலிஸிடம் சொன்னேன். நான் விலகுவதால் என் பெட்டிக்கு அவர் வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. அவர் அரங்க வாசலிலேயே என் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"பலே ஆளுய்யா நீ! ஒத்தைக் காகிதத்துல அவங்க சென்டரையே காலி பண்ணிட்டியே! இருபத்திநாலு வருஷமா உள்ள உக்காந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தியா?"

"அதுக்காகப் பண்ணல, ஹோலிஸ்."

"சரி சரி, யார்கிட்டயும் சொல்லல. நீ அதுக்காகப் பண்ணல." அவர் கண்ணடித்தார்.

வெர்னா, உன் ஊரில் என்னைத் திட்டுவார்கள், அதைத் தாங்கலாம். என் ஊரில் என்னைப் பாராட்டுவார்கள். இந்தத் தொடர் முடியும்வரை நான் பெட்டிக்குப் போவதில்லை. அரங்கத்தினுள்ளும் கால் வைப்பதில்லை. வானொலியும் கேட்கமாட்டேன். இதனால் எவரும் என்னை நம்பிவிடப்போவதில்லை என்று தெரியும். நாங்கள் வென்றால் அந்த வெற்றிக்குக் கீழே என் கையொப்பம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

டேன் மாடியிலிருந்து இறங்கி வந்து "நீங்கதானே சொன்னீங்க?" என்று உன்னைக் கேட்பான். "இல்லடா, பெட்டியில உன் பக்கத்துல உக்காந்திருந்த கிழவன்" என்று சொல். அது உண்மை. கோபப்பட்டால் என் முகவரியைக் கொடு.

நீ என்னை நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். இணைப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்.

அன்புடன் உன் அண்ணன்,
யூவர்ட்

இணைப்புகள்:

1. கில்டேர் அணி மருத்துவருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இரண்டு பக்கம். உன் பெயர் எங்கேனும் வருகிறதா என்று வரிவரியாகப் பார்த்துக்கொள்.

2. பேருந்து நிலையத்துப் பொதிச் சீட்டு, 11 பிப்ரவரி, நண்பகல் 12.05.

3. அரங்க மேலாளருக்கு நான் கொடுத்த விலகல் குறிப்பும், அதன் கீழே அவர் எழுதிய ஒற்றைச் சொல்லும் ("ஏன்?").

4. அஞ்சல்தலை ஒட்டிய வெற்று உறை ஒன்று. யார்க்டனில் இருக்கும் அவன் தாயாரின் முகவரி உன்னிடம்தான் இருக்கிறது; யார்க்டன் கில்டேரில் இல்லை, உன் வாக்கு அதைத் தடுக்காது. இதை மட்டும் நீ எழுத வேண்டும்.